திப்பி மலிவுதான், கணக்குப் போட்டு வாங்குங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கறிக்கோழி வளர்ப்பில் 100 ரூபாய் செலவானால் அதில் 65 முதல் 70 ரூபாய் தீவனத்துக்கே போய்விடும். தீவனத்தின் முக்கியப் பொருளான மக்காச்சோளத்துக்கு எத்தனால் ஆலைகளும் போட்டி போடுவதால் அதன் விலை ஏறும்போது கையைக் கடிக்கிறது. கம்பெனித் தீவனத்தில் ஒப்பந்த முறையில் வளர்ப்பவர்கள் இதில் செய்யக்கூடியது அதிகமில்லை. சொந்தமாகத் தீவனம் அரைப்பவர்களுக்காகத்தான், மக்காச்சோளத்துக்கு மாற்றாகப் போடும் மலிவுப் பொருள்களைப் பற்றி இன்று பேசுகிறேன்.

சேலம், ஆத்தூர் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் வெயிலில் பரப்பிய திப்பியைப் பார்த்திருப்பீர்கள். மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பாலைப் பிழிந்தபின் மிஞ்சும் சக்கை அது. மாவுச்சத்து அதில் இன்னும் நிறையத் தங்கியிருக்கும், விலையும் குறைவு. ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். 10 கிலோ மக்காச்சோளத்தில் ஏறக்குறைய 900 கிராம் புரதம். அதே அளவு திப்பியில் 200 கிராம் இருந்தாலே பெரிது. அந்த இழப்பை ஈடுகட்ட ஒன்றரை கிலோ சோயாப் புண்ணாக்கு கூடுதலாகப் போட வேண்டும். நார்ச்சத்து வேறு அதிகம், எரிசக்தி மக்காச்சோளத்தைவிடக் குறைவு. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்த பிறகும் மிச்சம் நின்றால் மட்டும் வாங்குங்கள்.

குஞ்சுகளுக்குத் திப்பி வேண்டவே வேண்டாம். அவற்றின் குடலுக்கு அவ்வளவு நாரைத் தாங்கும் சக்தி கிடையாது. மூன்று வாரம் தாண்டிய கோழிக்குத் தீவனத்தில் 5 சதவீதம் என்று தொடங்குங்கள், 10-க்கு மேல் போகாதீர்கள். தோல் கலந்த திப்பியைத் தவிர்த்துவிடுங்கள். மரவள்ளியின் சயனைடு நஞ்சு தோலில்தான் அதிகம். கையில் அள்ளி இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். கட்டியாக நின்றால் இன்னும் காயவில்லை, அதில் பூஞ்சை பிடிக்கும்.

என்னைக் கேட்டால் திப்பியைவிட அரிசி ஆலைக் குருணைக்குத்தான் முதலிடம். எரிசக்தியில் அது மக்காச்சோளத்துக்கு அருகில் நிற்கிறது, நாரும் குறைவு. மஞ்சள் நிறமி இல்லாததால் கோழியின் தோல் வெளுப்பாக இருக்கும், அவ்வளவுதான். தோலுரித்த கறி விற்கும் ஊரில் யாரும் அதைக் கேட்கப் போவதில்லை. எண்ணெய் எடுக்காத தவிட்டை மட்டும் இருப்பு வைக்காதீர்கள். சில நாளிலேயே சிக்கு வாடை வந்துவிடும். அப்புறம் கோழி அதைத் தொடத் தயங்கும்.

பிஸ்கட், ரொட்டி ஆலைக் கழிவும் நல்ல பொருள். ஆனால் அதில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. அதைக் கணக்கில் சேர்க்காமல் வழக்கமான உப்பையும் போட்டால் கோழி அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கும், கொட்டகைத் தரையில் பரப்பிய கூளம் நசநசத்துப் போகும்.

எதை வாங்கினாலும் முதல் லோடு இறக்கும்போதே நாலைந்து மூட்டைகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்து, அரைக் கிலோவை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரித் தீவனப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள். ஈரப்பதம், புரதம், நார், உப்பு, அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு ஆகிய ஐந்தையும் கேளுங்கள். முடிவு கைக்கு வரும்வரை அந்த மூட்டைகளைப் பிரிக்காதீர்கள். நன்றி, வணக்கம்.