ஆற்றையும் கிணற்றையும் சேர்த்தே அளப்போம்

விவசாயப் பெருமக்களுக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

நொய்யலைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். அதன் கரையிலுள்ள கிணறுகளை விட்டுவிட்டு ஆற்றை மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேருகிற ஆறு இது. பாசனத்துக்கென்று 1992இல் ஒரத்துப்பாளையத்தில் அணை வந்தது. சில ஆண்டுகளிலேயே அதில் தேங்கியது திருப்பூரின் சாயக்கழிவு. ஆயக்கட்டுதாரர்கள், அதாவது அந்தப் பாசனத்தை நம்பிய நிலக்காரர்கள், நீதிமன்றப் படியேறினார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக் கூடாது என்று 2006இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடவே உத்தரவிட்டது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். தோட்டத்துக் கிணறுகளுக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் இன்னும் போதிய அளவு பேசவில்லை.

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சாதாரண உப்போ சோடியம் சல்பேட்டோ மூட்டை மூட்டையாகப் போடுவார்கள். வேலை முடிந்ததும் அந்த உப்பு கழிவுநீரோடு வெளியேறுகிறது. சுண்ணாம்பு போட்டுத் தெளிய வைத்தால் நிறம் குறையும், உப்பு குறையாது. ஆகவே, தெளிந்த தண்ணீரைப் பார்த்து ஆறு சுத்தமாகிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். உப்பிலுள்ள குளோரைடு மக்குவதில்லை, மண்ணிலும் ஒட்டுவதில்லை. தண்ணீர் போகிற இடமெல்லாம் கூடவே போகும். நம் கொங்குப் பாறையில் நீருக்கு வழி, மேலே உளுத்துப்போன அடுக்கும் கீழே வெடிப்புகளும்தான். அணையில் தேங்கிய உப்பு அந்த வழியாகத்தான் கிணறுகளுக்குள் இறங்கியது.

இறங்கியது அங்கேயே சுற்றவும் தொடங்கியது. கிணற்று நீரைத் தென்னைக்குப் பாய்ச்சுகிறோம். தண்ணீர் ஆவியாகிறது, உப்பு மண்ணில் தங்குகிறது. அடுத்த மழை அதைக் கரைத்து மறுபடி கிணற்றுக்குள் சேர்க்கிறது. ஆற்றில் கழிவு நின்ற பிறகும் கிணறு கரிப்பது இதனால்தான்.

ஆறு கிணற்றுக்குக் கொடுக்கிறதா, கிணற்றுப் பக்கத்து நீர் ஆற்றுக்குப் போகிறதா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. இரண்டின் நீர்மட்டத்தையும் கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்டு ஒப்பிட்டால் போதும். கிணற்று மட்டம் தாழ்ந்திருந்தால் ஆற்று நீர் உள்ளே வருகிறது. உயர்ந்திருந்தால் நிலத்தடி நீர் ஆற்றில் ஊறுகிறது. ஒரே கிணற்றில் மழைக்காலத்துக்கும் கோடைக்கும் இந்தத் திசை மாறக்கூடும்.

மாதிரி எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆழ்துளைக் கிணறு என்றால் மோட்டாரைப் போட்டதும் புட்டியை நீட்டக் கூடாது. அப்போது வருவது குழாயில் நாள்கணக்கில் நின்ற தண்ணீர். ஓடவிட்டு, நீரில் உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் மின்கடத்துத் திறன் கருவியில் எண் ஏறாமல் இறங்காமல் நிற்கும்வரை காத்திருங்கள். அதே நீரில் புட்டியை மூன்று முறை அலசி, விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். அமில காரத் தன்மையை அங்கேயே அளந்துவிடுங்கள். ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் அது மாறிவிடும். புட்டியில் கிணற்றின் பெயர், நாள், நேரம், நீர்மட்டம் நான்கும் இருக்க வேண்டும். நீர்மட்டம் எழுதாத மாதிரி எனக்குப் பாதி மாதிரிதான்.

குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீரே கிடைக்காவிட்டால் 2000 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. ஆனால் ஒருநாள் எண்ணை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். வெள்ளம் போகும்போது எடுத்த மாதிரியில் எந்த ஆறும் நல்ல ஆறாகத்தான் தெரியும்.

ஆற்றின் மாசை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பார்க்கிறது. கிணறுகளை மத்திய நிலத்தடி நீர் வாரியம் பார்க்கிறது. இரண்டும் வேண்டிய பணிகளே. ஆனால் ஒரே இடத்தில், ஒரே நாளில் ஆற்றையும் கிணற்றையும் அளந்து ஒரே தாளில் எழுதாவிட்டால், உப்பு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். இழப்பீடு கேட்கிற விவசாயியிடம் முதலில் கேட்கப்படும் கேள்வியே அதுதான்.

இதை நாமே தொடங்கலாம். பருவமழை ஓய்ந்த ஜனவரியில் ஒரு முறை, மே மாதத்தில் ஒரு முறை, எப்போதும் அதே கிணறுகளில். கரையோரம் கிணறு வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் கிணற்றின் ஆழத்தையும், எந்த ஆண்டு முதல் தண்ணீர் கரிக்கத் தொடங்கியது என்பதையும் வாசலில் நிற்கும் மாணவர்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.