73.45 வீதமும் நூறு ரூபா பிரிண்டும்

வணக்கம் உறவுகளே. இன்றைக்கு மாலு பான் வீடியோவும் இல்லை, நூறாம் இலக்க பஸ் வீடியோவும் இல்லை. 2025 மார்ச்சில் நடந்த ஓ.எல்., அதாவது பதினோராம் தரத்துச் சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு வியாழக்கிழமை இரவு வந்துவிட்டது. எனக்கும் எண்களுக்கும் என்ன உறவு என்று உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ஒபிசில் மாதக் கணக்கை முடிக்காமல் எக்செல்லில் மாகாணங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். மெனேஜர் இந்த சேனலைப் பார்ப்பதில்லை என்ற நம்பிக்கையில் சொல்கிறேன்.

ஆனால் முதலில் இந்தத் தாளைப் பாருங்கள். ஒரே ஒரு பக்கம். கறுப்பு வெள்ளை. அக்காவின் மகளுடைய பெறுபேறு. இதை பிரிண்ட் எடுக்க வெள்ளவத்தையில் ஒரு கொமினிகேஷன் கடைக்குப் போனேன். நூறு ரூபா! "தம்பி, போன கிழமை ஒரு பக்கம் இருபது ரூபாவுக்குத்தானே எடுத்தேன்" என்றேன். "அது போட்டோ கொப்பி அண்ணே. இது இன்டர்நெட்டில் இருந்து வருகிறது" என்றான். இன்டர்நெட்டில் இருந்து மை வருகிறதா? எனக்குப் பின்னால் பன்னிரண்டு பேர் நின்றார்கள், எல்லாரும் பெற்றோர்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. எழுபதுக்குப் பேசிப் பார்த்தேன். கடைசியில் நூறைக் கொடுத்துவிட்டு, கோபத்தில் மீதிக் காசு வாங்காமல் வெளியே வந்துவிட்டேன். ஐந்நூறு ரூபாத் தாள் கொடுத்திருந்தேன். திரும்பிப் போய்த்தான் வாங்கினேன். அந்த வெட்கத்தை வீடியோவில் போடவில்லை.

ஆ, ஒன்றை விட்டுவிட்டேன். வியாழக்கிழமை இரவே போனில் பார்த்தோம். சுட்டெண்ணை அக்கா வாசித்தாள், நான் தட்டினேன். வேறு யாரோ ஒரு பிள்ளையின் பெயர் வந்தது. மூன்றை எட்டு என்று வாசித்திருக்கிறாள், கண்ணாடி போடாமல். அந்தப் பிள்ளைக்கு எட்டு ஏ. ஒரு நிமிஷம் அம்மா சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்!

சரி, விஷயத்துக்கு வருவோம். தலைப்புச் செய்தி என்ன? பாடசாலைப் பரீட்சார்த்திகளில் 2,37,026 பேர் உயர்தரம் (ஏ.எல்.) படிக்கத் தகுதி, அதாவது 73.45 வீதம். ஒன்பது பாடத்திலும் ஏ எடுத்தவர்கள் 13,392 பேர், 4.15 வீதம். இவை வந்து ஒரு மணித்தியாலத்துக்குள் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் மாகாணப் பட்டியல் வந்தது. தென் மாகாணம் 75.64 முதலிடம். வட மாகாணம் 69.86 கடைசி. அதற்குக் கீழே கனடாவில் இருக்கிற ஒரு மாமா, பெயர் வேண்டாம், "யாழ்ப்பாணத்தில் படிப்பு செத்துப்போச்சு" என்று போட்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாமா, வட மாகாணம் என்றால் யாழ்ப்பாணம் மட்டுமா? கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் எல்லாம் எங்கே போனது? அதோடு முதலிடத்துக்கும் கடைசி இடத்துக்கும் இடையில் 5.78தான். நூறு பிள்ளைகளை நிற்கவைத்தால் ஆறு பேர்கூட வித்தியாசமில்லை. ஒன்பது மாகாணங்களை வரிசையாக அடுக்கினால் யாரோ ஒருவர் ஒன்பதாவதாகத்தானே நிற்க வேண்டும்? 'கடைசி' என்ற சொல் காதில் விழுகிறது, 69.86 என்ற எண் விழுவதில்லை. கவலைப்படக் கூடாது என்று சொல்லவில்லை. அந்த ஆறு பேர் எந்தக் கல்வி வலயத்தில், எந்தப் பாடத்தில் விழுந்தார்கள் என்று தேடுங்கள் என்கிறேன். குழுவில் இதைப் போட்டேன், மாமா ஒரு பூங்கொத்துப் படம் அனுப்பினார்.

இப்போது கொழும்புக்காரர்களே, உங்களுக்கு ஒன்று. மேல் மாகாணம் 74.47. இரண்டாமிடம், கைதட்டுங்கள். நாட்டின் சராசரி 73.45. வித்தியாசம் 1.02. கிழக்கு மாகாணம் 74.26. அவர்களுக்கும் நமக்கும் 0.21. ஆயிரம் பிள்ளைகளில் இரண்டே இரண்டு பேர்! மேல் மாகாணத்தில் கம்பஹாவும் களுத்துறையும் சேரும், எல்லாப் பிள்ளைகளும் டியூஷன் போவதுமில்லை, அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனாலும் காலி வீதியில் பின்னேரம் ஆறு மணிக்கு கிளாஸ் விட்டு வருகிற பிள்ளைகளால் பஸ்ஸில் ஏற முடியாது, நூறாம் இலக்க பஸ் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு காசும் களைப்பும், மட்டக்களப்பு, திருகோணமலை, அம்பாறையை 0.21 ஆல் முந்துவதற்கா? இதை அக்காவுக்குச் சொன்னேன். "உனக்குப் பிள்ளை இல்லை, நீ கதைப்பாய்" என்றாள்.

அப்புறம் அந்த பெனர்கள். வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள் கட்டிவிட்டார்கள். ஒரு டியூஷன் வாசலில் பதினாறு முகம், எல்லாம் 9ஏ, நடுவில் படிப்பிக்கிற சேரின் முகம் எல்லாரையும்விடப் பெரிது. எனக்கு இது அறவே பிடிக்காது, முன்னமும் சொல்லியிருக்கிறேன். நூறில் நான்கு பேருக்கு பெனர். தகுதி பெறாத 26, 27 பேருக்கு? கணக்குப் போட்டால் 85,000 பிள்ளைகளுக்கு மேல். ஒரு பாடமும் சித்தியடையாதவர்கள் மட்டும் 2.34 வீதம். அவர்களுடைய வீட்டில் இந்தக் கிழமை என்ன கதை நடக்கிறது என்று எந்த பெனரிலும் இல்லை. ஓ.எல். சரிவராவிட்டாலும் சில பாடசாலைகளில் 12, 13ஆம் தரங்களில் தொழிற்கல்விப் பிரிவில் சேரலாம். இது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? என் அக்காவுக்கே தெரியாது. கீழே கேட்டால் விவரமாக ஒரு வீடியோ போடுகிறேன்.

கணிதத்துக்கு வருகிறேன், இதுதான் எனக்கு முக்கியம். சித்தியடைந்தவர்கள் 69.07 வீதம். நூறில் 31 பேர் கணிதத்தில் டபிள்யூ, அதாவது சித்தியில்லை. பிள்ளைகள் சோம்பேறிகள், போன் போன் என்று எல்லாரும் தொடங்கிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். இந்த பட்ச் 2020இல் ஏழாம் தரம். மார்ச் மாதம் பாடசாலை பூட்டினார்கள். பின்னமும் அட்சரகணிதமும் பழக வேண்டிய வயது, அம்மாவின் போனில், டேட்டா முடியும்வரை சூம். 2022இல் ஒன்பதாம் தரம், அப்போது பெற்றோல் வரிசை, திரும்பவும் பாடசாலை இல்லை. பரீட்சைகூட நேரத்துக்கு இல்லை. முன்பு டிசெம்பரில் நடந்த ஓ.எல்., இவர்களுக்கு 2025 மார்ச்சில். பதினோராம் தரத்தில் தவறுகிற பிள்ளைக்கு ஓட்டை ஏழாம் தரத்தில் இருக்கிறது. அக்காவின் மகளிடம் அதைக் கண்ணால் பார்த்தேன். சமன்பாடு எல்லாம் சரியாகக் கொண்டுவருவாள், கடைசியில் மூன்றிலொன்றையும் நாலிலொன்றையும் கூட்டச் சொன்னால் ஏழிலிரண்டு என்று எழுதுவாள். ஞாயிறு ஞாயிறாக ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துப் படிப்பித்த வீடியோ ஞாபகமா? ரொட்டி வீணாகிறது என்று நூறு பேர் திட்டினீர்களே, அதுதான்.

தவணைப் பரீட்சையில் கணிதத்துக்கு 28 எடுத்த பிள்ளை. இதோ, நூறு ரூபாத் தாள், கிட்டக் காட்டுகிறேன், வெளிச்சம் அடிக்கிறது, பொறுங்கள். கணிதம், சீ (C) தரம். சீ தரம்! 50க்கு மேல்! ஏ இல்லை, பெனர் இல்லை, ஆனால் நான் இதை லெமினேட் பண்ணப் போகிறேன். மற்றப் பாடங்கள் அவளுடைய சொந்த விஷயம், காட்ட மாட்டேன். கணிதத்தைக் காட்ட அவளிடம் அனுமதி வாங்கிவிட்டேன், கூலி ஒரு ஐஸ் சொக்.

ஆ, அக்கா கூப்பிடுகிறாள்... என்ன? மூன்று பிரதியா? வேறு பாடசாலைக்கு விண்ணப்பிக்கவா? ...இல்லை, நான் அந்தக் கடைக்குப் போக மாட்டேன்... சரி உறவுகளே, முந்நூறு ரூபா. இல்லை, பொறுங்கள், தாள் என் கையில்தானே இருக்கிறது, போட்டோ கொப்பிதானே. அறுபது!