பெரா கிராஃபும் அந்த 0.9 மில்லிசெகண்டும்

வணக்கம், வணக்கம். இன்னிக்கு ஆடியோகிராம் ரெண்டாவது பாகம் போடறதாத்தான் இருந்தது. அது கிடக்கட்டும், ஓடிப்போயிடாது. காது நரம்பைச் சோதிக்கிற பெரா டெஸ்ட் பத்தின போன வீடியோவுக்கு அப்புறம் "இந்த கிராஃபைக் கொஞ்சம் பாருங்க"ன்னு நீங்க அனுப்பின படங்களை வரிசையாத் திறந்து பார்த்தேன். அஞ்சாவது அலை 6.5 மில்லிசெகண்ட்ல நிக்குது. அடுத்த படம், 6.5. அதுக்கு அடுத்தது, 6.4. ஒண்ணுக்குக் கீழ "லேட்டன்சி (அலை வர எடுக்கிற நேரம்) தாமதம், ஸ்கேன் எடுக்கவும்"னு எழுதியே வெச்சிருக்காங்க. ஐயா, தாமதம் மூளைத்தண்டுல இல்ல. இயர்போன் ட்யூபுல!

ஆமா, மறுபடியும் ட்யூப் புராணம்தான். பழைய ஆளுங்க சிரிக்கிறது எனக்குத் தெரியும். சிரிங்க.

புதுசா வந்தவங்களுக்கு மட்டும் சுருக்கமா சொல்லிடறேன். பெரா டெஸ்ட்ல காதுக்குள்ள 'டிக்'னு ஒரு க்ளிக் கொடுக்கிறோம். ஒரு க்ளிக்கோட நீளம் 100 மைக்ரோசெகண்ட். அது காது நரம்புல ஏறி மூளைத்தண்டு வழியாப் போறப்ப வர்ற மின்சாரத்தைத் தலையில ஒட்டின எலக்ட்ரோடு பிடிக்குது. முதல் 10 மில்லிசெகண்டுக்குள்ள சின்னச் சின்ன முகடா வரும். 1971ல ஜூவெட்டும் வில்லிஸ்டனும் அதுக்கு ரோமன் எண் போட்டாங்க, இன்னிக்கும் அதே எண்தான். முதல் அலை, நரம்பு காதுப் பக்கம் தொடங்கற இடம். மூணாவது பெரும்பாலும் காக்ளியர் நியூக்ளியஸ், மூளைத்தண்டுல அந்த நரம்பு போய்ச் சேர்ற இடம். அஞ்சாவது இன்னும் மேல, இன்ஃபீரியர் காலிகுலஸ்னு மூளைத்தண்டோட மேல் பகுதியில இருக்கிற கேட்கும் மையத்துக்குள்ள நுழையற வாசல். பெரியவங்களுக்கு 80 டெசிபல் என்எச்எல் (நல்லாக் கேக்கிறவங்க காதை ஜீரோவா வெச்சு எண்ணற அளவு) க்ளிக்ல அஞ்சாவது அலை சுமார் 5.6 மில்லிசெகண்ட்ல வரணும். முதல் அலைக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல சுமார் 4 மில்லிசெகண்ட். இந்த ரெண்டு நம்பரை மனசுல வெச்சுக்குங்க.

இப்ப ட்யூபுக்கு வர்றேன். இன்சர்ட் இயர்போன்ல ஸ்பீக்கர் காதுக்குள்ள இல்ல. சட்டையில மாட்டற சின்ன டப்பாவுக்குள்ள இருக்கு. அங்கேயிருந்து ஒரு ப்ளாஸ்டிக் ட்யூப், அது முடியற இடத்துல மஞ்சள் ஃபோம் டிப். சத்தம் காத்துல செகண்டுக்கு 343 மீட்டர் போகும். அதாவது ஒரு மில்லிசெகண்டுக்கு 34 சென்டிமீட்டர். ட்யூபும் டிப்பும் சேர்ந்து கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர். கணக்குப் போடுங்க, 0.9 மில்லிசெகண்ட். டப்பாவுல க்ளிக் அடிச்ச நேரத்துலேர்ந்து மெஷின் எண்ண ஆரம்பிச்சா, சத்தம் காதைத் தொடறதுக்கு முன்னாடியே 0.9 ஓடிப்போயிருக்கும். 5.6ஓட 0.9ஐக் கூட்டுங்க. 6.5! உங்க கிராஃப்ல நிக்கிற அதே 6.5!

"வெறும் 0.9 தானே"ன்னு யாராவது கேட்டீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும். வலது காதுக்கும் இடது காதுக்கும் அஞ்சாவது அலையில 0.4 வித்தியாசம் வந்தாலே நரம்புல கட்டி இருக்குமோன்னு யோசிக்கிற டெஸ்ட் இது. அதுல 0.9ங்கறது சின்ன விஷயமா?

பெரும்பாலான மெஷின் இதைத் தானாவே கழிச்சிடும், ஆனா எதை மாட்டியிருக்கோம்னு நீங்க அதுக்குச் சொல்லணும். ப்ரோட்டோகால் செட்டிங்ல 'ட்ரான்ஸ்டியூசர்'னு, அதாவது சத்தம் கொடுக்கிற கருவி எதுன்னு, ஒரு கட்டம் இருக்கும். அதுல 'ஹெட்ஃபோன்'னு விட்டுட்டு இன்சர்ட்டை மாட்டினா 0.9 கழியாது. நேரம் மட்டும்னா கூடப் பரவாயில்ல, சத்த அளவும் தப்பாப் போகும். ஹெட்ஃபோனுக்கும் இன்சர்ட்டுக்கும் காலிப்ரேஷன், அதாவது சத்த அளவைச் சரிபார்த்து வெச்ச கணக்கு, வேற வேற. ஸ்க்ரீன்ல 80னு காட்டும், காதுக்கு 80 போகாது. லேட்டன்சியைக் கைக்கணக்கா கழிச்சுக்கலாம், காலிப்ரேஷனைக் கைக்கணக்காத் திருத்த முடியாது. அதனால அந்த கிராஃபைத் தூக்கிப் போட்டுட்டு மறுபடி எடுக்கிறதுதான் சரி.

சரி, கிராஃபை மட்டும் வெச்சுக்கிட்டு ட்யூப் கோளாறா நோயான்னு எப்படிப் பிரிக்கிறது? முதல்ல ஒண்ணுக்கும் அஞ்சுக்கும் நடுவுல உள்ள இடைவெளியைப் பாருங்க. அது 4 கிட்டவே இருந்து, எல்லா அலையும் கட்டா 0.9 தள்ளியிருந்தா மூளைத்தண்டு மேல பழி போடாதீங்க. நரம்புலயோ மூளைத்தண்டுலயோ பிரச்சினைன்னா இந்த இடைவெளிதான் முதல்ல நீளும். ஆனா நடுக்காதுல நீர் கோத்திருந்தாலும் எல்லா அலையும் மொத்தமாத் தள்ளும். அங்க என்ன ஆகுதுன்னா, உள்ளே போற சத்தம் குறையுது. சத்தம் குறைஞ்சா அஞ்சாவது அலை தாமதமா வரும். 80ல 5.6ல இருக்கறது, கேக்கிற எல்லை கிட்ட போறப்ப 8ஐத் தொட்டுடும். ஆனா நடுக்காதுக் கோளாறுன்னா அந்த எல்லையும் மேல ஏறியிருக்கும், 20, 30 டெசிபல்ல அலையே வராது. ட்யூப் கழியலைன்னா எல்லை நார்மல் இடத்துலயே இருக்கும். ரெண்டு காதுலயும் ஒரே 0.9. அடுத்து வர்ற பேஷண்டுக்கும் அதே 0.9. நோய் அவ்வளவு ஒழுங்கா எல்லாருக்கும் பங்கு பிரிச்சு வராது.

இன்னொரு அடையாளமும் இருக்கு. கிராஃப் ஆரம்பத்துல குச்சி மாதிரி ஒரு கோடு வருமே, ஸ்டிமுலஸ் ஆர்ட்டிஃபேக்ட், டப்பாவோட மின்காந்தம் எலக்ட்ரோடு வயர்ல ஏறுறது. அதுக்கு ட்யூப் பயணம் கிடையாது. சரியா கழிச்ச கிராஃப்ல அது ஜீரோவுக்கு இடது பக்கம், மைனஸ் 0.9 கிட்ட இருக்கும். சரியா ஜீரோ மேலயே உட்கார்ந்திருந்தா கழிக்கலைன்னு அர்த்தம். இது தெரிஞ்சா பழைய கிராஃபைக்கூட எடுத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். எனக்கு இந்த டெஸ்ட்லயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

ட்யூபை வெட்டிச் சின்னதாக்கறவங்களும் இருக்காங்க. பண்ணாதீங்க! நீளம் மாறினா 0.9 மாறும், உள்விட்டம் மாறினா காலிப்ரேஷன் மாறும். மஞ்சளாகி விறைச்சுப் போச்சுன்னா அதே நீளம், அதே விட்டத்துல புதுசு போடுங்க. தலையணைக்கடியில மடங்கினாலும் சத்தம் பாதியில நின்னுடும், கிராஃப் பார்க்க அச்சு அசலா நடுக்காதுக் கோளாறு மாதிரியே இருக்கும். சந்தேகம்னா டிப்பைக் கழட்டி உங்க காதுல வெச்சு ஒரு தடவை கேளுங்க, மெஷினைக் குறை சொல்றதுக்கு முன்னாடி.

இவ்வளவு திட்டினாலும் ஹெட்ஃபோனுக்குத் திரும்பிப் போன்னு சொல்ல மாட்டேன். அந்த 0.9 இருக்கறதாலதான் ஆர்ட்டிஃபேக்ட் முதல் அலை மேல விழாம விலகி நிக்குது. ஹெட்ஃபோன் காதை அழுத்தி உள்குழாயை மூடற தொல்லையும் இல்ல. அப்புறம் அந்தக் கிள்ளற வித்தை. சில குழந்தைகளுக்கு ஆரம்பத்துல பெரிய ஆட்டம் தெரியும், பின்னாடி அலையே இருக்காது. அது காக்ளியாவுல (உள்காதுச் சுருள்ல) சத்தத்தை அப்படியே பின்பற்றி வர்ற மின்சாரமா, அதாவது மைக்ரோஃபோனிக்கா, வெறும் ஆர்ட்டிஃபேக்டா? ட்யூபை ஒரு க்ளிப் போட்டு இறுக்கிட்டு மறுபடி எடுங்க. சத்தம் போகலைன்னா மைக்ரோஃபோனிக் காணாமப் போகும், ஆர்ட்டிஃபேக்ட் அப்படியே நிக்கும். ஆனா இதை ஆல்டர்னேட்டிங்ல, அதாவது க்ளிக்கோட திசையை மாத்தி மாத்திக் கொடுத்து, எடுத்தா ரெண்டுமே தன்னைத்தானே அடிச்சுக்கும். ரேர்ஃபாக்‌ஷன் (காத்தை இழுக்கற க்ளிக்) தனி, கண்டன்சேஷன் (காத்தைத் தள்ளற க்ளிக்) தனின்னு எடுக்கணும்.

அட, அடிப்படையையே விட்டுட்டேன். டிப் போடற விதம். முதல்ல ஆட்டோஸ்கோப் வெச்சுக் காதுக்குள்ள பாருங்க, மெழுகு டிப் ஓட்டையில அடைச்சா எல்லாம் வீண். ஃபோமை விரல்ல நல்லா மெல்லிசா உருட்டுங்க. பெரியவங்களுக்குக் காது மடலை மேலயும் பின்னாலயும் இழுங்க, கைக்குழந்தைக்குக் கீழயும் பின்னாலயும். டிப்போட வெளி விளிம்பு காது வாசலோட சமமா இருக்கணும், பாதி வெளியில தொங்கக் கூடாது. விட்ட உடனே கையை எடுக்காதீங்க, அரை நிமிஷம் விரலால பிடிச்சுக்குங்க. விரிஞ்சு அடைக்க அதுக்கு நேரம் வேணும்.

எலக்ட்ரோடுல எனக்குக் கண்டிப்பு அதிகம்னு உங்களுக்கே தெரியும். ப்ளஸ் நெத்தி உச்சியில, மைனஸ் ரெண்டு காதுக்கும் பின்னால எலும்பு மேல, கிரவுண்டு நெத்தியில கொஞ்சம் கீழ. தோலை ஜெல் போட்டுத் தேய்ச்சுட்டு ஒட்டணும். இம்பீடன்ஸ், அதாவது எலக்ட்ரோடுக்கும் தோலுக்கும் நடுவுல உள்ள மின்தடை, 5 கிலோ ஓமுக்குக் கீழ வரணும், அதைவிட முக்கியம் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு கிட்டக்கிட்ட இருக்கணும். ஒண்ணு 1, ஒண்ணு 5னு இருந்தா ஆம்ப்ளிஃபையரால ரெண்டுலயும் பொதுவா வர்ற மின் இரைச்சலைக் கழிக்க முடியாது. ப்ளஸ் மைனஸ் மாத்திக் குத்தினா அலை தலைகீழா வரும், அது உடனே தெரிஞ்சுடும். வலது இடது மாத்திக் குத்தறதுதான் மோசம். அஞ்சாவது அழகா வரும், முதல் அலை மட்டும் இருக்காது, ஏன்னா எதிர்க் காதுப் பக்கம் முதல் அலை பதிவாகாது. "முதல் அலை வரலைங்க"ன்னு அனுப்பின தம்பி, முதல்ல அந்த வயரைப் பாருப்பா.

வயரையெல்லாம் பின்னல் மாதிரி முறுக்கி ஒரே கட்டா கொண்டு போங்க, இயர்போன் டப்பாவை அதுக்குக் கிட்ட விடாதீங்க.

அப்புறம் ரேட், செகண்டுக்கு எத்தனை க்ளிக்குங்கறது. செகண்டுக்கு 21.1னு ஏன் அரைகுறையா ஒரு நம்பர்னு நிறையப் பேர் கேட்டிருந்தீங்க. 25னு வெச்சுப் பாருங்க. ஒரு க்ளிக்குக்கும் அடுத்த க்ளிக்குக்கும் நடுவுல 40 மில்லிசெகண்ட். 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல அது சரியா ரெண்டு சுத்து. ஒவ்வொரு க்ளிக்குக்கும் கரண்டோட ஆட்டம் அதே இடத்துல வந்து விழும், சராசரி எடுக்க எடுக்க அதுவும் அலை மாதிரியே நிமிர்ந்து நிக்கும். கரண்ட் 60 ஹெர்ட்ஸா இருக்கிற இடத்துல 20 வெச்சா இதே கதி. 21.1னா எதோடவும் ஒட்டாது.

சராசரிதான் இந்த டெஸ்ட்டோட உயிர். அஞ்சாவது அலை அரை மைக்ரோவோல்ட் கிட்டத்தான் இருக்கும். மூளையோட சாதாரண ஆட்டமும் தசையும் அதைப் போலப் பல மடங்கு. 2000 தடவை சேர்த்தா இரைச்சல் 2000ஓட வர்க்கமூலத்தால, அதாவது சுமார் 45ஆல குறையும். 21.1 ரேட்ல அதுக்கு 95 செகண்ட்தான். ஆனா இரைச்சலை இன்னும் பாதியாக்க 2000 போதாது, மொத்தம் 8000 வேணும். அதனால பேஷண்ட் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கறப்ப ஸ்வீப்பை (சேர்க்கிற தடவையை) ஏத்திக்கிட்டே போறது வேலைக்காகாது. தலையணையைச் சரி பண்ணுங்க, கழுத்து தளரட்டும், குழந்தைன்னா பால் குடிச்சுத் தூங்கட்டும். எப்பவும் ஒரே லெவல்ல ரெண்டு தடவை எடுத்து, ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாருங்க. ரெண்டுலயும் அதே இடத்துல வராத முகட்டுக்கு நம்பர் போடாதீங்க.

குழந்தைன்னதும் ஞாபகம் வருது. மேல சொன்ன 5.6, 4 எல்லாம் பெரியவங்களுக்கு. பிறந்த குழந்தைக்கு அஞ்சாவது அலை 7 கிட்ட, இடைவெளி 5 கிட்ட இருக்கும். நரம்பு உறை முதிர முதிர, ரெண்டு வயசுக்குள்ள பெரியவங்க அளவுக்கு வந்துடும். மூணு மாசக் குழந்தைக்குப் பெரியவங்க டேபிளை வெச்சு "தாமதம்"னு எழுதினா, அது ட்யூபைவிடப் பெரிய தப்பு.

க்ளிக்கை மட்டும் நம்பறவங்க மேலயும் எனக்கு ஒரு வருத்தம் இருக்கு. க்ளிக் காட்டறது முக்கியமா 2000லேர்ந்து 4000 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள பகுதியைத்தான். 500ல மட்டும் கேக்கலைன்னா க்ளிக் பெரா அழகா நார்மல்னு சொல்லிடும். 500க்கு டோன் பர்ஸ்ட், அதாவது அந்த ஒரு சுருதியில மட்டும் வர்ற குட்டிச் சத்தம், கொடுத்துத் தனியா எடுங்க. க்ளிக்குக்குப் பதிலா சர்ப்னு ஒரு சத்தம் இருக்கு, அதுவும் நல்லதுதான். காக்ளியாவுல கனமான சுருதி உள்ளே கோடி வரைக்கும் போகணும், கூர்மையான சுருதி வாசல்லயே வேலை செய்யும், அதனால க்ளிக் கொடுத்தா நரம்புங்க ஒரே சமயத்துல சுடாது. சர்ப்ல கனமானதை முன்னாடி அனுப்பிட்டுக் கூர்மையானதைப் பின்னாடி அனுப்பறாங்க, எல்லாம் ஒண்ணாச் சுடுது, அஞ்சாவது அலை பெருசா வருது. ஆனா சர்ப் கிராஃபை க்ளிக் லேட்டன்சி டேபிள்ல வெச்சு அளக்கக் கூடாது. நரம்புக் கட்டி சந்தேகத்துக்கு நான் க்ளிக் பக்கம்தான்.

சரி, 6.5 அனுப்பினவங்களுக்கு வீட்டுப்பாடம். காது நல்லா இருக்கிற ஒருத்தரைப் படுக்க வெச்சு, 80ல க்ளிக், ரேட் 21.1, 2000 ஸ்வீப், ரெண்டு காதுலயும் ரெண்டு ரெண்டு தடவை எடுங்க. அஞ்சாவது அலை 5.6 கிட்ட வந்தா அந்த கிராஃபை ப்ரிண்ட் எடுத்து மெஷின் பக்கத்துலயே ஒட்டிடுங்க. 6.5 வந்தா ட்ரான்ஸ்டியூசர் கட்டத்தைத் திறங்க. அடுத்த தடவை எனக்கு கிராஃப் அனுப்பறப்ப அந்த செட்டிங் ஸ்க்ரீனையும் சேர்த்து அனுப்புங்க, அது இல்லாம வர்றதை இனிமே பார்க்கிறதா இல்ல.