எழுபது வளைவும் ஒரு ஸ்க்ராம்ப்ளரும்

நேயர்களுக்கு வணக்கம். கொல்லிமலைக்குப் பைக்கில் போவது பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். மலையைவிட வண்டியைப் பற்றியே அதிகம் பேசிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

என்னுடையது ஸ்க்ராம்ப்ளர். உருண்டை விளக்கு, தட்டையான சீட்டு, கம்பி வைத்த சக்கரம். பார்ப்பதற்குத் தாத்தா காலத்து வண்டி. வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. 1924-இல் இங்கிலாந்தின் கேம்பர்லியில் மேடும் பள்ளமுமான காட்டுப் பாதையில் ஒரு பந்தயம் நடந்தது. 'ஸ்க்ராம்பிள்' என்ற பெயர் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது. ரோட்டு வண்டியில் வேண்டாததைக் கழற்றி, சைலன்சரைத் தூக்கிக் கட்டி, கட்டை கட்டையாகத் துருத்திய டயர் மாட்டினால் ஸ்க்ராம்ப்ளர். 1960-இல் கலிபோர்னியாவின் பிக் பேர் பந்தயத்தில் எடி மல்டர் என்ற 16 வயதுப் பையன் ராயல் என்ஃபீல்டில் ஜெயித்தான். இன்று சென்னைக் கம்பெனியான ராயல் என்ஃபீல்டின் 'பேர் (Bear) 650' வண்டிக்கு அந்தப் பெயர் வந்தது அந்தப் பந்தயத்தால்தான்.

இன்றைய ஸ்க்ராம்ப்ளர்கள் பலவும் காபிக் கடை வாசலோடு நின்றுவிடுகின்றன. அவற்றுக்கு உண்மையான வேலை இருப்பது நம் ஊர் ரோட்டில் என்பது என் கட்சி.

போன தை மாதம். மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு முன்னால் ஓர் ஊரில் கொள்ளுச்செடியை ரோட்டில் பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறிப் போனால் காய் உடையும், அடிக்கும் வேலை மிச்சம். அதைப் பார்த்ததும் பதறி முன் பிரேக்கைத் தொட்டேன். முன்சக்கரம் பாசியில் வைத்த கால்போல வழுக்கிக்கொண்டு போனது. ஹேண்டில்பார் அகலம் என்பதால் எப்படியோ இழுத்துப் பிடித்துவிட்டேன். ஓரமாக நின்ற அம்மா முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னார்: "பிரேக் புடிக்காம நேரா வந்திருக்கலாமில்ல சாமி?"

அதே பாடம்தான் மேலேயும். 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. பிரேக்கையும் கியரையும் வளைவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். உள்ளே நுழைந்த பிறகு கண் மட்டும்தான் வேலை செய்ய வேண்டும். பள்ளத்தைப் பார்த்தால் வண்டி பள்ளத்துக்குத்தான் போகும். வளைவு முடிகிற இடத்தைப் பார்த்தால் தானாகத் திரும்பும். ஸ்க்ராம்ப்ளரில் நிமிர்ந்து உட்காருகிறோம், அதனால் தலையைத் திருப்புவது சுலபம். இன்ஜினை முறுக்காமலே இழுவை கிடைப்பதால், இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டு ஏறிவிடும். இறங்கும்போதும் அதே இரண்டாம் கியர்தான். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதி மலையிலேயே சூடேறிப் பிடிமானம் குறைந்துவிடும். எதிரே பஸ் வந்தால் வளைவு முழுவதும் அதற்கே வேண்டும். ஒதுங்கி நின்றுவிடுங்கள். இதில் கௌரவம் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். தூக்கிக் கட்டிய சைலன்சர் அழகுதான். நாற்பதாவது வளைவில் வலது காலை வேக வைத்துவிடும். அரைக்கால் சட்டையோடு போகாதீர்கள்.

மேலே சோளக்காடு சந்தையில் பலாப்பழம் வாங்க நிறுத்தினேன். ஒரு பெரியவர் வண்டியைச் சுற்றி வந்து, பெட்ரோல் டேங்க்கைத் தட்டிப் பார்த்து, "எவ்வளவு தம்பி?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அந்தக் காசுக்குப் புதுசே வாங்கியிருக்கலாமே!"