மார்க்ஸ் சீனாவுக்குப் போனாரு, மாறுனது யாரு?

நடுவர் அவர்களே, எல்லாருக்கும் வணக்கம். மார்க்சியம் சீனாவோட பழைய சிந்தனையை வேரோட புடுங்கிடுச்சு, 1966ல கலாச்சாரப் புரட்சி அப்ப கம்யூனிஸ்ட் தலைவர் மாவோவோட இளைஞர் படையான செங்காவலர்கள், பழைய சீன ஞானி கன்ஃபூசியஸ் பொறந்த சூஃபூவுக்கே போயி அவரு சிலையை உடைச்சாங்களேன்னு எதிரணியில கேட்டாங்க. உடைச்சாங்க, நான் மறுக்கல. கன்ஃபூசியஸ் சொன்னது உடைஞ்சுதாங்குறதுதான் என் கேள்வி. உடையல, அது மார்க்சியத்துக்குள்ளயே கலந்துடுச்சுங்குறதுதான் எங்க அணியோட வாதம்.

மனுஷ சாராம்சம்னு தனி ஆளுக்குள்ள ஒண்ணும் இல்ல, சமூக உறவுகளோட மொத்தம்தான் அதுன்னு 1845லயே மார்க்ஸ் எழுதி வச்சாரு. அப்ப மனுஷன் மாறணும்னா நிலமும் ஆலையும் யார் கையில இருக்குங்குறது மாறணும். மனுஷன் எப்படி மாறுவாங்குறது சீனாவுல ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல நடந்த சண்டைங்க, கன்ஃபூசியஸ் வழியில வந்த சிந்தனையாளர் மென்சியஸ் மனுஷன் இயல்பிலயே நல்லவன்னாரு, அதே வழியில வந்த சுன்ட்சி இல்லவே இல்ல, கோணல் மரத்தை ஆவியில வாட்டி அச்சுல வச்சு நிமித்துற மாதிரிதான் மனுஷனையும் நிமித்தணும்னாரு, ஆனா பயிற்சி இருந்தா தெருவுல போறவனும் சான்றோன் ஆகலாம்குற இடத்துல ரெண்டு பேரும் ஒண்ணு!

இப்ப 1939க்கு வாங்க. கம்யூனிஸ்ட்டுகளோட தளமா இருந்த யெனான்ல, கட்சித் தலைவர்கள்ல ஒருத்தரான லியூ ஷாவோசி கட்சிக்காரங்களுக்கு நல்ல கம்யூனிஸ்ட் ஆகுறது எப்படின்னு பாடம் எடுக்குறாரு. சாட்சிக்கு மார்க்சும் லெனினும் மட்டுமா வந்தாங்க? கன்ஃபூசியஸ் வந்தாரு, மென்சியஸ் வந்தாரு, தினமும் மூணு தடவை என்னையே சோதிச்சுப் பாக்குறேன்னு சொன்ன கன்ஃபூசியஸோட சீடரும் வந்தாரு. அதோட நிக்கல, அறைக்குள்ள உக்காந்து மனசைக் கழுவினா போதாது, மக்களோட போராட்டத்துக்குள்ள நின்னு உன்னைப் பண்படுத்துன்னு திருத்துனாரு பாருங்க, அங்கதான் ரெண்டும் கலக்குது. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி மாவோ நடைமுறை பத்தி எழுதுனதுக்குத் துணைத்தலைப்பே அறிவுக்கும் செயலுக்கும் உள்ள உறவு, அறிவும் செயலும் ஒண்ணுதான்னு சொன்ன பழைய தத்துவவாதி வாங் யாங்மிங் காலத்துலயே சீன அறிஞர்கள் மோதிக்கிட்ட விஷயம்.

அந்த லியூவையே அப்புறம் கலாச்சாரப் புரட்சியில விரட்டினாங்களேன்னு எதிரணி கேப்பாங்க. ஆமா, 1967ல அவரு புத்தகத்தை விஷம்னாங்க, 1969ல கைஃபெங் நகரத்துல காவல்லயே செத்துப்போனாரு, எத்தனையோ பேரைக் கூட்டத்துக்கு நடுவுல தலைகுனிய வச்சாங்க, நினைச்சா எனக்கும் வலிக்குதுங்க. ஆனா அதே 1967ல அவங்க போட்ட கோஷம் என்ன? உனக்குள்ள இருக்குற சுயநலத்தோட போராடு! ஆலையும் நிலமும் பொதுவாகிப் பத்து வருஷம் ஆன நாட்டுல, எதிரி இன்னும் மனசுக்குள்ள இருக்கான்னு அவங்களுக்கு எங்கிருந்துங்க தோணுச்சு? மார்க்ஸ்கிட்ட இருந்தா? எதிரணி பதில் சொல்லட்டும், நான் உக்காருறேன்.