பாதி மட்டும் படிக்கப்படும் குளோரியா அன்சால்டுவா

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் மெக்சிக வம்சாவளியில் பிறந்து, அரசியல் உணர்வோடு தங்களைச் சிகானா என்று அழைத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. அவர்களுடைய பெண்ணியச் சிந்தனையைப் பற்றிப் பேச்செடுத்தால் முதல் வரிசையில் வரும் பெயர் குளோரியா அன்சால்டுவா. 2004 மே 15 அன்று, கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் நகரில், சர்க்கரை நோய் முற்றி 61 வயதில் காலமானார். அதன் பிறகு அவர் பெயரில் ஆய்வுச் சங்கம், மாநாடு, கூகுள் முகப்பில் பிறந்தநாள் படம் என்று மரியாதைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவருடைய எழுத்து முழுதாகப் படிக்கப்படுகிறதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

1942 செப்டம்பரில், டெக்சாஸின் தென்கோடியில், ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டிய சமவெளியில் பிறந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோ. 1848-ல் அமெரிக்க-மெக்சிகப் போர் முடிந்து குவாடலூப் இடால்கோ ஒப்பந்தம் கையெழுத்தானதும், இந்தப் பக்கத்து மக்கள் வீட்டைவிட்டு நகராமலே வேறு நாட்டின் ஆளுகைக்குள் வந்தார்கள். அதற்குப் பிறகு நிலம் கைமாறுவதற்கோ போர்கூடத் தேவைப்படவில்லை. குளோரியாவின் பாட்டி வரிப்பணம் கட்டவில்லை. கட்ட அவகாசம் கேட்கலாம் என்றால் அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நிலத்தை ஒரு வெள்ளைக்கார வக்கீல் எடுத்துக்கொண்டார். அப்பா பின்னாளில் ஒரு பெரிய பண்ணை நிறுவனத்திடம் விதைக்கும் சாப்பாட்டுக்கும் கடன் வாங்கி, விளைச்சலில் பங்கு தருவதாகப் பயிர் செய்தார். அறுவடையானதும் கடனை அடைத்துவிட்டு, வருமானத்தில் 40 சதவீதத்தையும் கொடுக்க வேண்டும். குளோரியாவுக்கு 14 வயதானபோது அப்பா இறந்துவிட்டார். பள்ளிக்கும் போய்க்கொண்டு வயல் வேலைக்கும் போனார் இந்த மூத்த மகள்.

பள்ளி இடைவேளையில் ஸ்பானிய மொழி பேசி மாட்டிக்கொண்டால் விரல் முட்டியில் அளவுகோலால் மூன்று அடி. பல்கலைக்கழகம் போனாலும் அது விடவில்லை. மெக்சிக வம்சாவளி மாணவர்கள் எல்லோரும் இரண்டு பேச்சுப் பயிற்சி வகுப்புகளில் கட்டாயம் சேர வேண்டும், நாக்கில் ஒட்டியிருக்கும் ஊர் வாடையைப் போக்குவதற்காக! 1971-ல் அவரே உயர்நிலைப் பள்ளி ஆசிரியராகி, பாடப்புத்தகத்தோடு மெக்சிக வம்சாவளியினரான சிகானோ எழுத்தாளர்களின் கதை, கவிதைகளையும் சேர்த்துக் கற்பித்தார். தலைமையாசிரியர் கண்டித்துத் தடை போட்டார். குளோரியா மாணவர்களிடம் வெளியே சொல்லமாட்டோம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, வேலை போனாலும் போகட்டும் என்று கற்பித்தார். எனக்கு மிகவும் பிடித்த குளோரியா இவர்தான்.

முனைவர் பட்டத்துக்காக ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, சிகானோ இலக்கியத்தைத் தன் ஆய்வுத் துறையாக எடுத்துக்கொள்ளவே ஒவ்வொரு நெறியாளரிடமும் பருவத்துக்குப் பருவம் வாதாட வேண்டியிருந்தது. பட்டத்தை முடிக்காமல் 1977-ல் கலிபோர்னியாவுக்குப் போய்விட்டார். இன்று அவருடைய கையெழுத்துப் பிரதிகளும் கடிதங்களும் பத்திரமாக இருப்பது அதே பல்கலைக்கழகத்தின் நூலகத்தில்தான். பின்னாளில் சாந்தா குரூஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மீண்டும் ஆய்வு தொடங்கினார். பட்டம் வந்தது, அவர் இறந்த பிறகு.

1981-ல் சிகானா எழுத்தாளர் செர்ரீ மொராகாவுடன் சேர்ந்து அவர் தொகுத்த 'திஸ் பிரிட்ஜ் கால்டு மை பேக்', வெள்ளைப் பெண்களை மட்டுமே கணக்கில் வைத்துப் பேசிய பெண்ணிய இயக்கத்திடம் கணக்குக் கேட்டது. கறுப்பின, பூர்வகுடி, ஆசிய, லத்தீன் வம்சாவளிப் பெண்கள் அதில் எழுதினார்கள். தன் சமூகத்து ஆண்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. பெண்ணை நேசித்த பெண்ணான அவருக்குச் சொந்த வீட்டிலும் கேள்விகள் காத்திருந்தன.

1987-ல் 'பார்டர்லேண்ட்ஸ்' வந்தது. ஆங்கிலமும் ஸ்பானியமும் நடுநடுவே மெக்சிகோவின் பூர்வகுடிகளான ஆஸ்டெக் மக்களின் நாவாட்டில் மொழிச் சொற்களுமாக ஓடும் புத்தகம். பல இடங்களில் மொழிபெயர்ப்பே கிடையாது. புரியாத வாசகர் கொஞ்சம் சிரமப்படட்டும் என்று விட்டுவிட்டார். முதல் பாதி கட்டுரைகள், இரண்டாம் பாதி கவிதைகள். வகுப்பறைகளில் மேற்கோள் காட்டப்படுவது பெரும்பாலும் முதல் பாதிதான். அதில்தான் 'புதிய மெஸ்திசா' என்ற கலப்பின மனநிலை பற்றிய கருத்து வருகிறது. அதற்கு அவர் துணைக்கு அழைத்த மெக்சிகச் சிந்தனையாளர் வாஸ்கோன்செலோஸ், 1925-ல் கலப்பினத்தைப் போற்றி எழுதியவர். ஆனால் அந்த எழுத்துக்குள் இன ஏற்றத்தாழ்வு இருக்கிறது என்றும், இன்றும் வாழும் பூர்வகுடிகளைக் கடந்தகாலமாக்கிவிடுகிறது என்றும் விமர்சகர்கள் சொல்கிறார்கள். அந்த விமர்சனம் நியாயமானது என்றே நினைக்கிறேன். அன்சால்டுவாவைப் பாராட்டும் கூட்டங்களிலும் இதைப் பேச வேண்டும்.

சரி, அந்த இரண்டாம் பாதியில் என்ன இருக்கிறது? ஒரு கவிதையை மட்டும் சொல்கிறேன். இடம் இண்டியானா மாநிலம், வயல். சிலகாலம் புலம்பெயர் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கான கல்விப் பணியில் அன்சால்டுவா இருந்த மாநிலம் அது. பண்ணை முதலாளி, ஆவணமில்லாத மெக்சிகத் தொழிலாளர்களை ஓய்வே இல்லாமல் வேலை வாங்குகிறான். சம்பள நாள் நெருங்கியதும் அவனே குடியேற்றக் காவலர்களுக்குத் தகவல் கொடுத்துவிடுகிறான். அவர்கள் வந்து ஆட்களை அள்ளிப்போகிறார்கள். கூலி மிச்சம்! கவிதையில் பேசும் பெண், அங்கே பிள்ளைகளுக்குக் கற்பிக்க வந்தவள், நேரே அவன் முன்னால் போய் நிற்கிறாள். உள்ளுக்குள் நடுக்கம்தான். இரண்டு வாரக் கூலி வேண்டும் என்கிறாள், சனி ஞாயிறும் சேர்த்து, குறைந்தபட்ச ஊதியக் கணக்கில், நாளுக்குப் பதினைந்து மணி நேரம் என்று. அவன் முரண்டு பிடிக்கிறான். அவள் விடுவதாக இல்லை.

அன்சால்டுவாவைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் இந்தக் கவிதையிலிருந்து தொடங்கலாம், கட்டுரைகளுக்கு அப்புறம் வரலாம். வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.