குடித்தவன் முகமும் பார்த்து நின்றவள் முகமும்

(ஆந்திர-தமிழக எல்லை ஊரான நகரியில் ‘தேவதாஸ்’ திரையிடலுக்கு முன் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தம்பிகளே, வணக்கம்.

சரத்சந்திரர் வங்காளத்தில் எழுதிய கதையை வேதாந்தம் ராகவையா தெலுங்கு, தமிழ் என்று இரண்டு மொழியிலும் படமாக்கினார். தெலுங்குப் படம் 1953 ஜூனில் வந்தது, தமிழ்ப் படம் செப்டம்பரில். அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர மாநிலம் தனியாகப் பிரிந்தது. எந்த ஊர் யாருக்கு என்று நம் பக்கமெல்லாம் சண்டை நடந்த காலம் அது. அந்தச் சண்டைக்கு நடுவிலும் இரண்டு மொழிக்காரர்களும் தேவதாசாக நடித்த ஒரே நாகேஸ்வர ராவைப் பார்த்து அழுதார்கள். அதனால் இந்தப் படம் நம்முடையது என்று உரிமையோடு சொல்கிறேன்.

சரி, நடிப்புக்கு வருவோம். தள்ளாடி, நாக்குக் குழறிப் பேசினால் குடிகாரன் வேடம் முடிந்தது என்று நம் நாடகக்காரர்கள் பலரும் இன்னும் நம்புகிறார்கள். நாகேஸ்வர ராவ் அந்த வழியில் போகவில்லை. போதையில் இருக்கும் காட்சிகளை ராகவையா இரவில்தான் எடுத்தார். கண் இமை கனத்துக் கிடப்பது அப்படி வந்தது. ஆனால் தூக்கக் கலக்கம் கண்ணைத்தான் தரும், மனிதனைத் தராது. அந்த மனிதனை அவர் பாட்டிலைத் தொடுவதற்கு வெகுமுன்பே கட்டிவிடுகிறார். ரங்காராவ் அப்பாவாக வரும் காட்சிகளைக் கவனியுங்கள். காதலித்த பெண்ணைக் கட்டிக்கொள்வேன் என்று உறுதியாக நிற்க வேண்டிய இடத்தில் அவன் நிற்கவில்லை. ஊரை விட்டுப் போய், அவளை மறுத்துக் கடிதம் எழுதுகிறான். மனம் மாறித் திரும்பும்போது காலம் கடந்துவிடுகிறது. அங்கே ஒரு சொட்டு மது கிடையாது. ஆனால் பின்னால் குடியிடம் தோற்கப்போகிறவன் அங்கேயே தோற்றுவிட்டான். காதல் தோல்வியால் குடித்தான் என்று ஊர் சொல்கிறது. அவர் நடித்திருப்பது அதற்கும் முந்தின ஒன்றை, ஒரு முடிவில் நிற்கத் தெரியாத பிள்ளையை.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன். தேவதாசுக்குப் பாடிய கண்டசாலாவின் குரல் அவ்வளவு இனிமை. இசையமைத்த சி.ஆர். சுப்பராமன் படம் வெளிவரும் முன்பே, 1952-இல், இளம் வயதில் இறந்துபோனார். மிச்ச வேலையை விசுவநாதனும் ராமமூர்த்தியும் முடித்துக் கொடுத்தார்கள். அந்தப் பாட்டுகள் நம் மனசில் குடிக்கு ஓர் அழகைப் பூசிவிட்டன. தாடி, சால்வை, கையில் பாட்டில் என்று ஒரு பொம்மை செய்து எழுபது ஆண்டாக வைத்திருக்கிறோம். பாட்டை மறந்துவிட்டு முகத்தை மட்டும் பாருங்கள், அந்த அழகு நிற்காது.

அப்புறம், தேவதாஸ் காதலித்த பார்வதியாக வரும் சாவித்திரி. அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. பார்வதி கத்திக் கூப்பாடு போடுகிறவள் இல்லை. வயதான ஜமீன்தாருக்கு வாழ்க்கைப்பட்டு, இன்னொருவன் அழிவதைத் தடுக்க உரிமை இல்லாமல் நிற்கிறவள். குடியை விட்டுவிடு என்று கேட்கும் பெண்ணின் முகத்தை அவர் எங்கிருந்து எடுத்தாரோ தெரியவில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் பலருக்கு அந்த முகம் தெரியும். 1992-இல் நெல்லூர் மாவட்டத்துத் துபகுண்டாவில் சாராயத்தை எதிர்த்து எழுந்த பெண்களும் அதே முகத்தோடு வருடக்கணக்கில் வாழ்ந்தவர்கள்தான். கதையின் தேவதாசுக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை, அதனால் அவன் குடி அவனை மட்டும் அழிப்பதுபோல் தெரிகிறது. அது அப்படியில்லை என்று காட்டும் பாரத்தைச் சாவித்திரி தனியாகச் சுமக்கிறார்.

தனியாக என்று சொன்னது, சந்திரமுகி என்ற தாசியாக வரும் லலிதாவுக்கு நியாயமில்லை. திருவாங்கூர் சகோதரிகளில் மூத்தவர், நாட்டியக்காரி. சந்திரமுகிக்கு ஆட்டம் போதும் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆனால் அவர் ஆடாத காட்சிகளில்தான் எனக்கு அவரைப் பிடிக்கும். தன்னிடம் வருகிறவனுக்கு ஊற்றிக் கொடுப்பதா, தடுப்பதா என்று தவிக்கிற பெண்ணாக அவர் இருக்கிறார்.

நாடகம் போடும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். கடைசியில் தேவதாஸ் ரயிலேறிப் பார்வதியின் ஊருக்கு வரும் பகுதியில் வசனத்தை விட்டுவிடுங்கள். உடம்பு முடியாதவன் எப்படி உட்காருகிறான், எப்படி மூச்சு விடுகிறான் என்று பாருங்கள். படம் முடிந்ததும் யாரும் எழுந்து போக வேண்டாம். அந்தப் பகுதியைப் பற்றி உங்கள் வாயால் கேட்க வேண்டும்.